கிறிஸ்தவர்கள் ஏழைகளுக்குச் செய்தது போதுமா?

எந்தக் கருத்தரங்கில் இந்தக் கேள்வியை வைத்தாலும் உடனே இரண்டு அணிகள் பிரிந்துவிடும். "பள்ளிக்கூடம் கட்டியது யார், ஆஸ்பத்திரி கட்டியது யார்?" என்று ஒரு பக்கம் கேட்கும். "எல்லாம் மதம் மாற்றத்தானே?" என்று மறுபக்கம் கேட்கும். இரண்டு பக்கமும் கை தட்டல் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும். கேள்வி மட்டும் அங்கேயே கிடக்கும்.

அந்தக் கேள்வியைத் தெலுக் பங்லிமா காராங்கில் நின்று கேட்டால் வேறு பதில் வருகிறது. கிள்ளானிலிருந்து பந்திங் போகும் பாதையில் உள்ள ஊர் இது. இங்கிருந்துதான் கேரித் தீவுக்குத் திரும்ப வேண்டும். எட்வர்ட் வேலண்டைன் கேரி என்ற ஆங்கிலத் தோட்டக்காரரின் பெயரைத் தாங்கிய தீவு அது. சதுப்பு நிலத்தை வரப்பு கட்டி வடித்து, ரப்பர் போட்டு, பிறகு செம்பனை போட்ட மண். வெட்டியதும் சுமந்ததும் பெரும்பாலும் தமிழர்கள்.

கிறிஸ்தவர்கள் இந்த நாட்டில் ஏழைகளுக்குச் செய்த பெரிய காரியம் கல்வி. இதில் சந்தேகமே இல்லை. 1816ஆம் ஆண்டு பினாங்கு பிரீ ஸ்கூலைத் தொடங்கிய ஹட்சிங்ஸ் ஓர் ஆங்கிலிக்கன் பாதிரியார். இந்நாட்டுத் தமிழ்க் கல்வியின் வரலாற்றை அந்தப் பள்ளியில் நடந்த தமிழ் வகுப்பிலிருந்துதான் எண்ணுகிறோம். 1852-இல் லசால் சகோதரர்களும் கான்வென்ட் சகோதரிகளும் பினாங்கில் வந்து இறங்கினார்கள். கோலாலம்பூரில் 1897-இல் மெத்தடிஸ்ட் ஆண்கள் பள்ளி, 1899-இல் புக்கிட் நானாஸ் கான்வென்ட், 1904-இல் செயின்ட் ஜான்ஸ் என்று வரிசையாக எழுந்தன.

இவையெல்லாம் எங்கே எழுந்தன? பட்டணத்தில். ஆங்கிலப் பள்ளிக்குச் சம்பளம் கட்ட வேண்டும், சீருடை வேண்டும், புத்தகம் வேண்டும், வீடும் பக்கத்தில் இருக்க வேண்டும். பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குடியிருப்பில் இருந்த குமாஸ்தாவின் பிள்ளைக்கு அது கைக்கெட்டும் தூரம். அதிகாலையில் பிரட்டுக்கு நின்று பால் மரம் சீவப் போகிறவரின் பிள்ளைக்கு? அவனுடைய கல்வியைத் தொழிலாளர் சட்டம் தோட்ட நிர்வாகத்தின் கையில் ஒப்படைத்திருந்தது. 1923ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஏழு வயது முதல் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் ஒரு பள்ளி நடத்த வேண்டும். பல தோட்டங்களில் அது ஓர் அறை, ஓர் ஆசிரியர் என்ற கணக்கில் நடந்தது. காப்பாரில் ஒரு மெத்தடிஸ்ட் தமிழ்ப்பள்ளி, ஈப்போவில் ஒரு செயின்ட் பிலோமினா கான்வென்ட் தமிழ்ப்பள்ளி என மிஷன் பெயர் தாங்கிய தமிழ்ப்பள்ளிகள் உண்டு. ஆனால் அவை சிலவே. சபைகளின் சிறந்த ஆசிரியர்களும் பெரிய கட்டடங்களும் ஆங்கிலப் பள்ளிகளுக்கே போயின.

இதன் விளைவுதான் கசப்பானது. தோட்டத்துக் கிராணிகளில் பலர் மலையாளிகள், யாழ்ப்பாணத் தமிழர்கள். கேரளத்திலும் யாழ்ப்பாணத்திலும் மலாயாவிலும் மிஷன் பள்ளிகள் பரப்பிய ஆங்கிலம்தான் அந்த வகுப்புக்கு நாற்காலி வாங்கித் தந்தது. அந்த நாற்காலிக்கு முன்னால் தொழிலாளி கை கட்டி நின்றார். ஏழையை உயர்த்த வந்த கல்வி ஏழைக்கு மேல் இன்னொரு படியைக் கட்டியது என்று சொன்னால் அது மிகையல்ல.

வேறு வழியே இல்லையா என்றால், இருந்தது. பிரெஞ்சு குருவான ரெனே ஃபே 1880களில் பேராக்கின் பாகான் செராயில் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்களுக்கென்று ஒரு விவசாயக் குடியேற்றத்தை உருவாக்கினார். அரசிடமிருந்து நிலம் பெற்று, குடும்பம் குடும்பமாக உட்கார வைத்தார். சொந்தக் காலில் நிற்கிறவனுக்குத் துரையும் வேண்டாம், கங்காணியும் வேண்டாம் என்பது சின்ன யோசனை இல்லை. அவரே 1896-இல் மலாக்கா ஆயரானார், 1904-இல் இறந்தார். அந்த முயற்சி கிள்ளான் பள்ளத்தாக்கின் தோட்டங்களில் பரவியிருந்தால் இங்குள்ள பலரின் குடும்பக் கதையே மாறியிருக்கும்.

கிள்ளானில் லூர்து மாதா ஆலயம் 1928-இல் எழுந்தது. தோட்டங்களுக்கும் குருக்கள் போனார்கள், பூசை வைத்தார்கள், பிள்ளைகளுக்கு ஞானஸ்நானம் கொடுத்தார்கள். ஆனால் தோட்டம் தனியார் நிலம். துரை அனுமதித்தால்தான் உள்ளே போகலாம். கூலி பற்றியோ கள்ளுக்கடை பற்றியோ வாய் திறக்கும் பாதிரியாருக்கு அடுத்த ஞாயிறு கதவு திறக்குமா? வெளிப்படையாக யாரும் மிரட்டத் தேவையில்லை, அந்த நினைப்பே போதும்.

பேசுவதற்குப் போப்பாண்டவரின் அனுமதி இல்லாமலும் இல்லை. பதின்மூன்றாம் சிங்கராயர் 1891-இலேயே தொழிலாளர் நிலை பற்றிச் சுற்றுமடல் எழுதி, குடும்பம் நடத்தப் போதுமான கூலி நியாயம் என்றும், தொழிலாளி சங்கம் சேர்வது உரிமை என்றும் சொல்லிவிட்டார். சீர்திருத்த சபைப் பக்கம் சி.எஃப். ஆண்ட்ரூஸ் இருந்தார். 1915-இல் பிஜித் தீவுக்குப் போய், கரும்புத் தோட்டத்து ஒப்பந்தக் கூலிகளின் நிலையைப் பியர்சனுடன் சேர்ந்து அறிக்கையாக எழுதினார். ஒப்பந்தக் கூலி முறையை ஒழித்ததில் அந்த அறிக்கைக்குப் பெரும் பங்கு உண்டு. அவர் அரிசி மூட்டை எதுவும் கொண்டுபோகவில்லை. ஒரு குறிப்பேடும் பேனாவும்தான்.

1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்கள் கொதித்தெழுந்தன. முன்னின்றது கிள்ளான் மாவட்ட இந்தியர் சங்கம், அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர் ஆர்.எச். நாதன். கோரிக்கைகளை இன்று படித்தாலும் நெஞ்சு கனக்கும். சீனத் தொழிலாளிக்குச் சமமான கூலி. பிள்ளைகளுக்கு முறையான கல்வி. சரியான மருத்துவம். கள்ளுக்கடைகளை மூடுதல். பெண்களிடம் முறைகேடாக நடப்பதை நிறுத்துதல். உறவினர் வந்துபோகத் தடையின்மை. துரையையோ கிராணியையோ கண்டால் சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கத்தை ஒழித்தல். மே மாதம் நாதன் கைதானார். சிலாங்கூரில் அவசரநிலை, பட்டாளம், துப்பாக்கிச் சூடு எனத் தொடர்ந்தது. தொழிலாளர் ஐவர் உயிரிழந்தனர். நாதன் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார்.

அந்தப் பட்டியலில் கல்வியும் மருத்துவமும் இருக்கின்றன, கவனியுங்கள். சபைகள் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் இரண்டும் அவைதாம். 1941 வரை அவை தோட்டத்து லயம் வரை வந்து சேரவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை. போராட்டத்தின் தலைமையும் சபைகளிடம் இல்லை.

சுதந்திரத்தை ஒட்டிய காலத்தில் காட்சி மாறியது. பெட்டாலிங் ஜெயாவில் பிரான்சிஸ்கன் சகோதரிகள் 1954-இல் ஒரு கிளினிக்கைத் தொடங்கினார்கள், அது அசுந்தா மருத்துவமனையாக வளர்ந்தது. மோண்ட்ஃபோர்ட் சகோதரர்கள் 1959-இல் தொடங்கிய பாய்ஸ் டவுன், ஏழைப் பையன்களுக்கு இன, மத வேறுபாடு பாராமல் கைத்தொழில் கற்றுக் கொடுத்தது. 1979-இல் மலேசியன் கேர் அமைப்பு பிறந்தது. சிறைக் கைதி, போதைப்பித்தர், நகர்ப்புற ஏழை என்று மற்றவர்கள் ஒதுங்கிப்போகும் மனிதர்களைத் தேடிப்போனது.

கேள்வி கேட்டவர்களும் வந்தார்கள். விலையும் கொடுத்தார்கள். 1987 அக்டோபரில் லாலாங் நடவடிக்கையில் நூற்றுக்கு மேற்பட்டோர் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தில் பிடிக்கப்பட்டபோது, கத்தோலிக்க மனித மேம்பாட்டுப் பணியில் இருந்த சகோதரர் அந்தோணி ரோஜர்ஸும் உள்ளே போனார். சோறு போடும்வரை யாரும் தொந்தரவு செய்வதில்லை. ஏன் சோறில்லை என்று கேட்டால்தான் சிக்கல்.

மதமாற்றக் குற்றச்சாட்டையும் ஒதுக்கிவிட முடியாது. 1876 முதல் 1878 வரை நீடித்த தாதுவருஷப் பஞ்சத்தில் திருநெல்வேலிப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தார்கள். கஞ்சிக்காகச் சேர்ந்தார்கள் என்று அன்றே ஏளனம் எழுந்தது. கஞ்சியோடு மரியாதையும் கிடைத்ததால் சேர்ந்தவர்களும் உண்டு. இந்த நாட்டிலோ எண்ணிக்கையே பதில் சொல்கிறது. 2010 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் மலேசிய இந்தியர்களில் கிறிஸ்தவர்கள் 6 விழுக்காடுதான். உதவி மதமாற்றத்துக்குத்தான் என்றால் அது மிகவும் நஷ்டப்பட்ட வியாபாரம்.

இன்று கேரித் தீவில் தமிழ்த் தொழிலாளர் குறைந்துவிட்டார்கள். நாடு முழுவதும் செம்பனைத் தோட்டங்கள் இந்தோனேசியர், வங்காளதேசிகள், இந்தியாவிலிருந்து புதிதாக வருகிறவர்கள் ஆகியோரின் உழைப்பில் நடக்கின்றன. 2020 டிசம்பரில் சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்தின் பாமாயிலுக்கு, கட்டாய உழைப்புப் புகாரின் பேரில், அமெரிக்கச் சுங்கத்துறை தடை போட்டது. ஆட்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளருக்குத் திருப்பிக் கொடுப்பது உட்படப் பல சீர்திருத்தங்களுக்குப் பிறகு, 2023 பிப்ரவரியில்தான் தடை நீங்கியது. அந்த மனுவைக் கொடுத்தது லிபர்ட்டி ஷேர்ட் என்ற ஆள்கடத்தல் எதிர்ப்பு அமைப்பு. கோலாலம்பூர் பேராயத்தின் மனித மேம்பாட்டு அலுவலகம் வெளிநாட்டுத் தொழிலாளர், அகதிகள் நடுவே வேலை செய்கிறது என்பதும் உண்மை. ஆனால் 1941-ஐப் போலவே இம்முறையும் தோட்டக் கதவைத் தட்டியது வேறொரு கை.