நாடகக் கேலிச்சித்திர அச்சுகள்

ரொமாண்டிக் காலத்து லண்டனில், நடிகர்களையும் அரங்க உரிமையாளர்களையும் எள்ளி நகையாடி வெளிவந்த தனித்தாள் படங்கள். செப்புத் தகட்டில் அமிலத்தால் அரித்து அச்சிட்டு, பலவற்றுக்குக் கையால் வண்ணம் தீட்டினார்கள். வாங்க வசதியில்லாதவர்களும் கடைச் சன்னல் முன் கூடிநின்று பார்த்துச் சிரித்தார்கள்.

ஜேம்ஸ் கில்ரே 1784இல் புகழ்பெற்ற நடிகை சாரா சிடன்ஸைத் துன்பியல் தேவதையாக வரைந்தார். அவர் கையோ பணப்பையை நோக்கி நீள்கிறது. நாடகாசிரியரும் நாடாளுமன்ற உறுப்பினருமான ஷெரிடனும் தப்பவில்லை. அவருடைய ‘பிசாரோ’ 1799இல் வசூலை அள்ளியபோது, காசைக் கண்டு பூரிப்பவராக அவரைக் காட்டினார் கில்ரே.

இக்கலை உச்சம் தொட்டது 1809இல். முந்தைய ஆண்டு தீக்கிரையான கோவென்ட் கார்டன் அரங்கு, அவ்வாண்டு செப்டம்பர் 18 அன்று ‘மேக்பெத்’ நாடகத்துடன் மீண்டும் திறந்தது. கட்டணம் ஏறியிருந்தது: மேடைக்கு முன்னிருந்த கீழ்த்தளத்துக்கு மூன்றரை ஷில்லிங் நான்கானது, பெட்டி இருக்கைக்கு ஆறு ஏழானது. பழைய விலையே வேண்டுமென்று மக்கள் கொம்பூதினார்கள், மணியடித்தார்கள், கிலுகிலுப்பை ஆட்டினார்கள். மேடையில் பேசியது ஒருவர் காதிலும் விழவில்லை. மேலாளர் ஜான் பிலிப் கெம்பிள், சிடன்ஸின் தம்பி. அவரை ஐசக் குரூக்ஷாங்கும் மகன் ஜார்ஜும் படத்துக்குப் படம் வறுத்தெடுத்தார்கள். நடிகரோடு சேர்த்து, கொந்தளிக்கும் கூட்டத்தையும் பதிவுசெய்ததே இவற்றின் தனிப்பெருமை. டிசம்பரில் கெம்பிள் பணிந்தார். கீழ்த்தளக் கட்டணம் பழையபடி இறங்கியது, பெட்டிக்கு ஏழு ஷில்லிங்கே நீடித்தது.

கேலிக்குள் வியப்பும் கலந்ததுண்டு. 1814இல் ட்ரூரி லேன் அரங்கில் ஷைலாக்காக அறிமுகமாகி அதன் வருமானத்தை மீட்ட எட்மண்ட் கீனை, மூன்றாம் ரிச்சர்ட் வேடத்தில் அரங்கையே தோளில் சுமப்பவராக ஜார்ஜ் குரூக்ஷாங்க் அதே ஆண்டில் வரைந்தார்.