மராமத்து: மாஞ்சோலை மழை முதல் திருவைகுண்டம் மதகு வரை

திருநெல்வேலிப் பக்கம் பேப்பர் வாங்குகிற வீடுகளில், மழைக்காலம் வந்துவிட்டால் முதலில் பார்ப்பது அணை நிலவரத்தைத்தான். பாபநாசம் 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. இந்த மூன்று உச்ச அளவும் விவசாயி வீட்டுப் பிள்ளைகளுக்குக்கூட மனப்பாடம். அதற்குக் கீழே மழை அளவு இருக்கும். மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து என்று மலைமேல் இருக்கிற நான்கு தேயிலைத் தோட்ட ஊர்களின் பெயர் வரிசையாக வரும். "ஊத்துல நேத்து இருவது சென்டியாம்ல" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், "அப்போ மணிமுத்தாறு ஏறிரும்" என்பார் பக்கத்தில் இருப்பவர். பிசானப் பருவ நெல்லுக்கு நாற்றுப் பாவலாமா, இன்னும் ஒரு வாரம் பொறுக்கலாமா என்ற முடிவு அந்தப் பேச்சிலிருந்து பிறக்கும்.

அந்த எண்களை எடுக்க ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவர் மழையில் நனைந்திருக்கிறார். நான் பொதுப்பணித் துறையின் பாசனப் பிரிவில் ஒர்க் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவன். கால்வாய்க் கரையிலும் மதகு மேடையிலுமே என் வேலைக்காலம் போயிற்று. தாமிரபரணியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் எந்த அணையை எந்த அரசன் கட்டினான், எந்தக் கலெக்டர் கட்டினார் என்று எழுதுகிறார்கள். அது வேண்டியதுதான். ஆனால் கட்டியது ஒரு தடவை; அதன்பிறகு நூற்றாண்டுக் கணக்கில் அதைக் காப்பாற்றி வந்தது தினப்படி வேலை. அந்த வேலையின் வரலாற்றைச் சொல்ல வேண்டும் என்பது என் ஆசை.

மலையிலிருந்தே தொடங்குகிறேன். மழைமானி என்பது பார்க்க எளிய பொருள். மேலே ஒரு புனல், உள்ளே தண்ணீர் சேர ஒரு பாத்திரம், அளப்பதற்குக் கோடு போட்ட கண்ணாடி ஜாடி. காலை எட்டரை மணிக்குத் திறந்து, சேர்ந்த தண்ணீரை ஜாடியில் ஊற்றி, கண்மட்டத்துக்குப் பிடித்து, கோட்டைப் பார்த்துக் குறிக்க வேண்டும். சாதாரண ஊரில் ஒரு ஜாடிக்குள் கணக்கு முடிந்துவிடும். அடைமழைக் காலத்தில் மாஞ்சோலையிலும் ஊத்திலும் ஜாடி ஜாடியாக ஊற்றி, ஒவ்வொன்றையும் தாளில் எழுதிக் கூட்ட வேண்டும். ஒரு ஜாடியை எழுத விட்டுவிட்டால் கீழே அணையில் இருப்பவர்கள் ஏமாந்துபோவார்கள். வரப்போகிற தண்ணீரை முன்கூட்டிச் சொல்வது அந்த எண்தான். மலைச் சரிவில் பெய்தது ஓடையில் இறங்கி அணைக்கு வந்துசேரச் சில மணி நேரம்தான் ஆகும். அதற்குள் மதகை எவ்வளவு தூக்குவது என்று முடிவு செய்தாக வேண்டும்.

அணையைத் தாண்டிக் கீழே இறங்கினால் பழைய உலகம் தொடங்குகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன், அரியநாயகிபுரம், பழவூர், சுத்தமல்லி, மருதூர், திருவைகுண்டம் என்று தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டுகள். அவற்றிலிருந்து பதினொரு கால்வாய்கள் பிரிந்து 86 ஆயிரம் ஏக்கருக்கு மேல் பாய்கின்றன. கடைசியில் உள்ள திருவைகுண்டத்தைத் தவிர மற்ற ஏழும் வெள்ளைக்காரர்கள் வருவதற்கு முன்பே இருந்தவை. 1917-இல் பேட் எழுதிய திருநெல்வேலி மாவட்ட கெசட்டியரில் இந்த அணைகளைப் பற்றி விரிவாக இருக்கிறது. பெருங்கல்லைப் போட்டு ஆற்றை மறித்த அந்தப் பழைய அணைகள் ஒவ்வொரு வெள்ளத்துக்கும் எங்காவது கல் பெயர்ந்து ஒழுகும். ஒவ்வொரு கோடையிலும் யாராவது போய் அடைத்திருக்கிறார்கள். அடைக்காமல் விட்டிருந்தால் அவை நம் காலம் வரைக்கும் வந்திருக்காது.

அடைத்தவர்கள் யார்? ஊர்தான். கால்வாயில் இந்தத் தூரம் இன்ன ஊருக்கு, இந்தக் குளத்துக் கரை இன்ன ஊருக்கு என்று பங்கு உண்டு. தண்ணீர் அடைத்திருக்கும் கோடையில் அவரவர் பங்கை வாரி, கரையை உயர்த்தி, செடி கொடியை வெட்டி எறிவார்கள். இதுதான் குடிமராமத்து. இன்றைக்கு இதைப் பொற்காலமாகப் பேசுகிறவர்கள் நிறைய. நான் அப்படிப் பேச மாட்டேன். நிலம் மிராசுதாருடையது; மண்வெட்டி பிடித்தது அவருடைய பண்ணையாட்கள். பங்கு என்று ஏட்டில் இருந்தது நிலத்துக்காரர் பெயர், வெயிலில் நின்றது நிலமில்லாதவர். குளத்து மடையைத் திறக்கவும் அடைக்கவும் மடைக்குடும்பர் இருந்தார். அவருக்குக் கூலி அறுவடைக் களத்தில் நெல்லாகக் கிடைக்கும். குளம் நிரம்பி நிற்கும்போது தண்ணீருக்குள் மூழ்கிப்போய் மடையைத் திறப்பது உயிரைப் பணயம் வைக்கிற வேலை. அப்படி மூழ்கித் திரும்பாதவர்களின் கதைகள் தென்மாவட்டக் குளக்கரைகளில் இன்னும் சொல்லப்படுகின்றன. தாமிரபரணிப் பாசனத்தைக் காப்பாற்றியவர்கள் என்று நான் சொல்லும் பட்டியலில் முதல் பெயர் அவர்களுடையதுதான்.

கம்பெனி ஆட்சி வந்தபோது நிலவரியே பெரிதாக இருந்தது. மராமத்துக்குப் பணம் ஒதுக்கக் கை வரவில்லை. திருநெல்வேலியையும் பாளையங்கோட்டையையும் இணைக்கிற பாலமே ஒரு தனிமனிதர் பணத்தில்தான் வந்தது. கலெக்டர் கச்சேரியில் சிரஸ்தாராக இருந்த சுலோசன முதலியார் தம் சொந்தச் செலவில் கொக்கிரகுளத்தில் கட்டுவித்த பாலம் 1843-இல் திறக்கப்பட்டது. அந்தக் கொடையை ஊர் இன்றும் நன்றியோடு நினைக்கிறது. 1869 வெள்ளத்தில் அதன் வளைவுகளில் சில இடிந்தன. 1871-இல் திரும்பக் கட்டினார்கள். கட்டியவரின் பெயர் பாலத்துக்கு நிலைத்தது. திரும்பக் கட்டியவர்களின் பெயர் யாருக்கும் தெரியாது. மராமத்து வேலையின் தலையெழுத்து அன்றிலிருந்து இன்றுவரை இதுதான்.

சென்னை மாகாணத்துக்குப் பொதுப்பணித் துறை என்று ஒன்று அமைந்தது 1858-இல். அதே ஆண்டில் கட்டாய உழைப்புச் சட்டமும் வந்தது. கரை உடைகிற ஆபத்து என்றால் ஊராரைக் கட்டாயமாக அழைத்து வேலை வாங்கலாம். வழக்கப்படி செய்யவேண்டிய குடிமராமத்தைச் செய்யாதவரிடம் பணம் வசூலிக்கலாம் என்றது அந்தச் சட்டம். ஆனால் துறை வளர வளர, குடிமராமத்து தேய்ந்தது. 'சர்க்கார் கால்வாய், சர்க்காரே வாரட்டும்' என்று ஊர் ஒதுங்கிக்கொண்டது. எட்டாவது அணையான திருவைகுண்டம், கலெக்டர் பக்கிள் எடுத்த முயற்சியால் 1869-இல் தொடங்கி 1873-இல் முடிந்தது. அதன் வடகாலும் தென்காலும் ஆற்றின் கடைக்கோடி நிலங்களுக்குத் தண்ணீர் கொண்டுபோயின. அதோடு ஆற்றின் நீளம் முழுக்க ஓவர்சீயர், மேஸ்திரி, லஸ்கர் என்று சம்பளத்துக்கு ஆட்கள் வந்தார்கள். நான் சேர்ந்த காலத்திலும் ஏறக்குறைய அதே ஏற்பாடுதான் இருந்தது.

லஸ்கர் வேலை என்ன என்று கேட்டால் 'மதகு திறப்பார், மூடுவார்' என்பார்கள். எங்கள் பிரிவில் இருந்த மூத்த லஸ்கரோடு ஒரு நாள் நடந்து பார்த்தால் அது எவ்வளவு குறைத்துச் சொன்னது என்று புரியும். விடிந்ததும் தலைமதகுக்குப் போய்க் கல்லில் வெட்டியிருக்கும் அடிக்கோட்டில் தண்ணீர் எங்கே நிற்கிறது என்று பார்ப்பார். இரும்புச் சாவியை ஷட்டர்த் திருகில் மாட்டி, இத்தனை சுற்று என்று எண்ணிச் சுற்றுவார். ஷட்டரில் வந்து அடைத்த மரக்கிளை, வாழைத்தண்டு, ஆகாயத்தாமரை எல்லாவற்றையும் கொக்கி போட்டு இழுப்பார். திருகுக்குக் கிரீஸ் வைப்பார். பிறகு கரையோரமாகவே நடப்பார். நண்டுவளை, எலிவளை இருந்தால் மண் போட்டு மிதித்து அடைப்பார். கரையின் வெளிப்பக்கம் ஈரம் தெரிந்தால் அந்த இடத்தில் ஒரு கம்பை நட்டுவிட்டு, மறுநாள் ஈரம் கூடியிருக்கிறதா என்று வந்து பார்ப்பார்.

ஒருநாள் கடைமடையிலிருந்து விவசாயிகள் வந்து அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். "அண்ணாச்சி, மேல உள்ளவன் மடையத் தொறந்து வச்சிருக்கான். எங்களுக்குப் பயிர் வாடுது, நாங்க எங்க போய்ச் சொல்ல?" என்றார் ஒருவர். "ராத்திரி ரெண்டு மணிக்கு நானே வந்து நின்னு அடைச்சுத் தாரேன். நீங்க யாரும் வராதிய, வந்தா சண்டைதான் வரும்" என்றார் இவர். சொன்னபடியே நின்றார். காலையில் கடைமடையில் தண்ணீர் ஏறியிருந்தது. இந்த வேலைக்கு எந்தப் பதிவேட்டிலும் இடம் இல்லை.

பதிவேட்டில் இடம் உள்ளது தூர்வாருவதும் கரை உயர்த்துவதும்தான். அதற்கு எம்-புக் என்று நாங்கள் சொல்கிற அளவுப் புத்தகம் உண்டு. மண்வேலைக்கு அளவெடுப்பதில் ஒரு பழைய முறை இருந்தது. மண் எடுக்கிற குழியின் நடுவே ஒரு திட்டை மட்டும் தோண்டாமல் விட்டுவைப்பார்கள். பழைய தரைமட்டம் அந்தத் திட்டின் தலையில் புல்லோடு அப்படியே நிற்கும். திட்டின் உயரம்தான் தோண்டிய ஆழம். நீளம், அகலம், ஆழம் மூன்றையும் பெருக்கினால் கூலிக்காரர் எவ்வளவு மண் வெட்டினார் என்பது வந்துவிடும். திட்டின் தலையில் கூடுதலாக ஒரு கூடை மண்ணைக் கொட்டி உயர்த்தினால் கணக்கு ஏறும். அதனால் புல் புதிதாக வைத்ததா, வேரோடு நிற்கிறதா என்று விரலால் கிளறிப் பார்ப்போம். அளந்த பிறகே திட்டை வெட்டச் சொல்வோம். இந்த அளவில் நேர்மை இருந்த இடங்களில் கால்வாய் தண்ணீர் கொண்டது. புத்தகத்தில் மட்டும் தூர்வாரிய இடங்களில் அடுத்த வெள்ளத்தில் கரை உடைந்தது. இதைக் கண்ணால் பார்த்தவன் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

மணிமுத்தாறு அணை 1958-இல் வந்தது. பழைய பாசனத்துக்குப் பெருங்கால் உண்டு. அதோடு வறண்ட நாங்குநேரிப் பக்கத்துக்கும் திருச்செந்தூர்ப் பக்கத்துக்கும் பிரதான கால்வாய் வெட்டி ரீச் ரீச்சாகத் தண்ணீர் கொடுத்தார்கள். இந்த அணையின் பெரும்பகுதி மண்கரை. மண்கரை என்பது ஒவ்வொரு நாளும் பார்வை கேட்கிற பொருள். சரிவில் முளைக்கிற புதரை வேர் இறங்குமுன் வெட்ட வேண்டும். கறையான் புற்றைத் தோண்டி அடைக்க வேண்டும். அடிவாரத்தில் கசிகிற தண்ணீர் தெளிவாக வருகிறதா, மண்ணோடு கலங்கி வருகிறதா என்று பார்க்க வேண்டும். கலங்கி வந்தால் கரைக்குள் மண் கரைகிறது என்று அர்த்தம். ஒரு மனிதன் நடந்துபோய்க் குனிந்து பார்ப்பதற்கு ஈடான பாதுகாப்பு எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

அந்த அணைக்குத் தண்ணீர் தருகிற மலையில் 1929-இல் சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து பாம்பே பர்மா டிரேடிங் கார்ப்பரேஷன் 99 ஆண்டுக் குத்தகைக்கு நிலம் எடுத்துத் தேயிலை வைத்தது. காட்டைத் திருத்தியதும், மலைப்பாதையைப் போட்டதும், ஒவ்வொரு மழைக்கும் சரிந்த மண்ணை அள்ளிப் பாதையைத் திறந்ததும் தொழிலாளர்கள்தான். அவர்கள் கூலி உயர்வு கேட்டும், சிறையில் இருந்த தோழர்களை விடுவிக்கச் சொல்லியும் நடத்திய 1999 ஜூலை 23 ஊர்வலம் கொக்கிரகுளத்தில் கலெக்டர் அலுவலகத்தை நெருங்கியபோது போலீஸ் தடியடி நடத்தியது. 17 பேர் தாமிரபரணியில் உயிரிழந்தார்கள். தங்கள் மலையிலிருந்து இறங்கி வந்த தண்ணீரிலேயே அவர்களுக்கு அந்த முடிவு நேர்ந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு கனக்கிறது. 2024-இல் கம்பெனி தேயிலை வேலையை நிறுத்தியது. தலைமுறைகளாக இருந்த குடும்பங்கள் இறங்கத் தொடங்கின. மலையில் ஆள் இருந்ததால் அங்கே மழையின் போக்கைச் சொல்லக் கண் இருந்தது. அதன் மதிப்பை நாம் பெரிதாக எண்ணியதே இல்லை.

அந்த மதிப்பு என்னவென்று 2023 டிசம்பர் 17, 18 தேதிகள் காட்டின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர். மாஞ்சோலையில் 50 சென்டிமீட்டரைத் தாண்டியது. மலைத் தண்ணீரும் சமவெளி மழையும் ஒன்றாகச் சேர்ந்தன. குளங்கள் வரிசையாக உடைந்தன. திருவைகுண்டத்தில் திருச்செந்தூர் ரயில் பயணிகளோடு நடுவழியில் நின்றது. அவ்வளவு மழைக்கு எந்தக் கரையும் முழுதாகத் தாங்காது என்பது உண்மை. ஆனால் எந்தக் கரை முதலில் போகும் என்பது, அதற்கு முந்தைய கோடையில் யார் என்ன செய்தார்கள், என்ன செய்யவில்லை என்பதைப் பொறுத்தது. எலிவளை அடைக்காத கரையும், கலுங்கில் ஆக்கிரமிப்பு இருந்த குளமும் பெருமழை வருவதற்கு முன்பே பாதி உடைந்தவைதான்.

2017-இல் அரசு குடிமராமத்து என்ற பெயரிலேயே ஒரு திட்டத்தைக் கொண்டுவந்தது. 2021-இல் நீர்வளத் துறை தனித் துறை ஆயிற்று. இரண்டையும் நான் வரவேற்கிறேன். ஆனால் பெயரும் பலகையும் மாறினால் போதாது. ஒவ்வொரு தலைமதகுக்கும் சம்பளத்தோடு ஒரு நிரந்தர லஸ்கர் வேண்டும். எம்-புக்கின் நகல் ஊராட்சி அலுவலகத்தில் இருக்க வேண்டும். எந்த விவசாயியும் கரையில் நின்று அதை ஒத்துப்பார்க்க முடிய வேண்டும். புது அணைக்கு அடிக்கல் நாட்டும் செலவில் ஒரு பங்கை, இருக்கிற அணையின் திருகுக்குக் கிரீஸ் வாங்குவதற்கு ஆண்டுதோறும் ஒதுக்க வேண்டும். இந்த எட்டு அணைகளும் மக்களிடம் வேறெதுவும் கேட்டதில்லை. கேட்டதைக் கொடுத்த தலைமுறைகள் சாப்பிட்டன. நாமும் கொடுக்க வேண்டும்.