கடுமையான காது

வீட்டில் ஒலிப்பதிவு செய்கிறவன் ஸ்டுடியோ மானிட்டர் வாங்கக் கிளம்பினால் முதலில் அவன் காதில் விழுவது யமஹா என்எஸ்-10 பற்றிய கதை. அது மோசமான ஸ்பீக்கர். மோசமாக இருந்ததாலேயே அதில் தேறிய பாட்டு வேறு எதிலும் தேறிவிடும் என்பது கதை. இதில் பாதி சரித்திரம், பாதி மூடநம்பிக்கை. நமக்கு இந்த மூடநம்பிக்கை பழக்கமானது. கடுமையாகப் பேசுகிறவன்தான் உண்மை பேசுகிறான் என்று நம்பி எத்தனை புத்தகங்களைப் படிக்காமலே ஒதுக்கியிருக்கிறோம். அதனால் இந்த ஸ்பீக்கரின் சரித்திரத்தை இங்கு சொல்வதில் தவறில்லை என்று நினைக்கிறேன்.

வீட்டில் கேட்பதற்கான ஸ்பீக்கருக்குக் கேட்பவனைத் திருப்திப்படுத்தும் கடமை உண்டு. கீழ் ஸ்தாயியைக் கொஞ்சம் ஊதிக் காட்டும். மானிட்டருக்கு அந்தக் கடமை கிடையாது. பதிவில் இருப்பதைக் காட்டினால் போதும். ஆனால் பதிவில் என்ன இருக்கிறது என்பதை எதோடு ஒப்பிட்டுத் தீர்மானிப்பது? இந்தக் கேள்விக்குக் கிடைத்த நேர்மையான பதில்களில் ஒன்று இங்கிலாந்தின் சர்ரேயில், பிபிசியின் ஆராய்ச்சிப் பிரிவில் கிடைத்தது. ஹார்வுட் போன்றவர்கள் அங்கே மனிதக் குரலை அளவுகோலாக வைத்தார்கள். ஸ்டுடியோவில் ஆள் பேசுவான். அவன் நேரில் பேசுவதையும் ஸ்பீக்கர் வழியாக வருவதையும் மாறிமாறிக் கேட்பார்கள். கருவிகளின் அளவீடும் உண்டு, காதின் தீர்ப்பும் உண்டு. வெளிப்புற ஒலிபரப்பு வண்டிகளின் நெருக்கடியான இடத்துக்காக இந்த வழியில் எழுபதுகளில் உருவானது எல்எஸ்3/5ஏ. கனமான புத்தகம் இரண்டைச் சேர்த்து வைத்த அளவுதான் இருக்கும். 1976இல் அதைப் பற்றிய பிபிசி அறிக்கை வெளிவந்தது. ஆழ்ந்த ஒலிகள் அதில் வராது. சத்தமாக வைத்தால் தாங்காது. பேச்சுக் குரலில் மட்டும் அதை ஏமாற்றுவது கஷ்டம்.

என்எஸ்-10 வந்த வழி வேறு. அகிரா நாகமுரா வடிவமைத்து 1978இல் யமஹா வெளியிட்டபோது அது வீட்டு அலமாரியில் வைக்கிற ஸ்பீக்கர். வீட்டில் அதற்கு வரவேற்பில்லை. வெள்ளைக் காகிதக் கூம்பு, காற்றுப்போக்கி இல்லாத மூடிய பெட்டி, காதைக் குத்துகிற மேல் ஸ்தாயி. கலவை மேஜைக்கு மேல் வைக்கத் தோதாக இருந்ததால் ஒலிப்பதிவுப் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவர்களில் அமெரிக்காவின் பாப் கிளியர்மௌண்டனின் பெயரைத்தான் அதிகம் சொல்கிறார்கள். ஒப்பந்தத்துக்கு ஸ்டுடியோ ஸ்டுடியோவாக அலைகிறவனுக்கு எங்கே போனாலும் அதே ஸ்பீக்கர் எதிரில் இருப்பது பெரிய சௌகரியம். மேல் ஸ்தாயியின் குத்தலைக் குறைக்க ட்வீட்டர் மேல் கழிப்பறைக் காகிதத்தை ஒட்டினார்கள். எந்தக் காகிதம், எத்தனை மடிப்பு என்று சண்டைகூட நடந்தது. 1986இல் பாப் ஹோடாஸ் அதையும் அளந்து எழுதினார். அடுத்த வருஷமே, குத்தலைத் தணித்து, படுக்கவாட்டில் வைக்கும்படியாக, ஸ்டுடியோவுக்கென்றே ஒரு மாதிரியை யமஹா கொண்டுவந்தது. கூம்புக்கான மரக்கூழ் கிடைக்காமல் போய் 2001இல் உற்பத்தி நின்றது.

அதே 2001இல் நியூவெல், ஹாலண்ட் முதலியோர் சௌதாம்டன் பல்கலைக்கழகத்தின் அளவீடுகளை வைத்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். மோசமான ஸ்பீக்கர் எதற்காக இருபது வருஷம் நிலைத்தது என்பதே அவர்கள் கேள்வி. சமமின்மை அளவீட்டிலும் தெரிந்தது. கூடவே தெரிந்த இன்னொரு விஷயம்தான் முக்கியம்: கீழ் ஸ்தாயியில் ஒலி நின்றதும் ஸ்பீக்கரும் சட்டென்று நின்றுவிடுகிறது. காற்றுத் துளையுள்ள பெட்டிகள் பல, தாளம் முடிந்த பிறகும் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் முனகிக்கொண்டிருக்கும். மூடிய பெட்டியான இது, பதிவில் இல்லாததைத் தன் பங்காகச் சேர்ப்பதில்லை. பொறியாளர்கள் நம்பியது இதைத்தான். பெயர் வாங்கியது குத்தல். இந்தக் குழப்பத்தில்தான் கடுமைக்கு மரியாதை கிடைத்துவிட்டது. நம் விமர்சனத்திலும் இதுதான் நடந்திருக்கிறது என்பேன். யாருடைய தீர்ப்பு நிலைத்ததோ அவருடைய குத்தலை மட்டும் சீடர்கள் எடுத்துக்கொண்டார்கள். சொல்ல வேண்டியது முடிந்ததும் நிறுத்துகிற ஒழுக்கத்தை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

எனக்கு இதெல்லாம் தேவைப்பட்டது எண்பதுகளின் கேசட்டுகளால். கவிதை வாசிப்புக் கூட்டங்களில் யாரோ மடியில் ரிக்கார்டரை வைத்துப் பதிந்தவை. பூஞ்சை பிடிக்கத் தொடங்கிவிட்டது. வங்கி முடிந்து வந்து இரவில் கணினிக்கு மாற்றுகிறேன். மின்விசிறி இரைச்சலையும் நாடாவின் சீறலையும் குறைக்கும்போது குரலின் மார்பும் கூடவே போய்விடக்கூடும். ஊதிக் காட்டுகிற ஸ்பீக்கரில் வேலை செய்தால் நிச்சயம் போகும். வாசித்தவர்களில் பாதிப்பேர் இன்று இல்லை. நாடாவும் உதிர்ந்த பிறகு நான் வெட்டியதுதான் அவர்கள் குரல்.

இரண்டு ஜோடிகளுக்கிடையே முடிவு செய்ய பிபிசி வழியையே பின்பற்றினேன். அந்த கேசட்டுகளில் இருக்கிறவர்களில் ஒருவர், எண்பதைத் தாண்டியவர், என் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து ஒரு கவிதை வாசித்தார். பதிந்து, அதே அறையில் இரண்டு ஜோடியிலும் போட்டேன். அவர் மனைவி சமையலறையில் என் மனைவியோடு பேசிக்கொண்டிருந்தார். முதல் ஜோடிக்கு அங்கிருந்து சத்தமே இல்லை. இரண்டாவதற்கு, "இன்னுமா படிக்கிறீங்க, காப்பி ஆறுது" என்று குரல் வந்தது. அந்த இரண்டாவதை வைத்துக்கொண்டேன். மூடிய பெட்டி, சின்னது, விலை குறைந்தது.

அறை இன்னும் பாக்கி. 3 மீட்டர் நீள அறை 57 ஹெர்ட்ஸ் பக்கத்தில் தானே பாட ஆரம்பிக்கும். எந்த ஸ்பீக்கரும் அதைத் தடுக்காது. சுவரிலிருந்து தள்ளி வைத்து, எதிர்ச்சுவரில் இலவம்பஞ்சு மெத்தை இரண்டைச் சாய்த்திருக்கிறேன். மெதுவாக வைத்தால் காது கீழ் ஸ்தாயியைக் குறைத்துக் கேட்கும் என்று ஃப்ளெட்சரும் மன்சனும் 1933லேயே காட்டிவிட்டார்கள். அதனால் ஆள் எதிரில் பேசுகிற அளவுக்குத்தான் ஒலியை வைக்கிறேன். இரவு பதினோரு மணிக்கு அந்த அளவில் ஒருவர் கவிதை வாசிப்பது பக்கத்து வீட்டுக்குச் சங்கடம்தான். 14 கேசட்டுகளில் 5 முடிந்திருக்கிறது.