எட்டாத இடத்தில் ஒரு கைப்பிடி

அமெரிக்கப் பாடகர் ஒருவரைப் பற்றி நம் சந்திப்பு மலரில் எதற்குக் கட்டுரை என்று நண்பர்கள் கேட்கலாம். பாட்டுக்காக இல்லை. அவர் உயிர் போன விதத்தில் பொறியாளர்களுக்கு ஒரு பாடம் இருக்கிறது.

ஜான் டென்வர் 1970-களில் உலகப் புகழ் பெற்றவர். தந்தை அமெரிக்க விமானப்படை விமானி. மகனும் 2,700 மணி நேரத்துக்கு மேல் விமானம் ஓட்டிய அனுபவசாலி. 1997-இல் அவர் 'லாங்-ஈஸி' என்ற சின்ன விமானம் ஒன்றை வாங்கினார். இரண்டு பேர்தான் உட்காரலாம். எஞ்சின் பின்பக்கம். வடிவமைத்தவர் பர்ட் ரூட்டான். 1986-இல் நடுவில் எரிபொருளே நிரப்பாமல் உலகைச் சுற்றிவந்த 'வாயேஜர்' விமானமும் அவர் வடிவமைப்புதான்! லாங்-ஈஸியின் வரைபடத்தை வாங்கி, ஆர்வலர்கள் தாங்களே விமானத்தைக் கட்டிக்கொண்டார்கள்.

அதில் இடப்பக்கம் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என இரண்டு பெட்ரோல் டேங்க். ஒன்று காலியானால் வால்வைத் திருப்பி மற்றதுக்கு மாற வேண்டும். பழைய மோட்டார் சைக்கிளில் ரிசர்வ் போடுகிற மாதிரிதான். ரூட்டான் அந்த வால்வை விமானியின் கால்களுக்கு நடுவே, கைக்கு எட்டும்படி வரைந்திருந்தார். டென்வர் வாங்கிய விமானத்தைக் கட்டியவரோ, பெட்ரோல் குழாய் விமானி உட்காரும் இடத்துக்குள் வரக் கூடாது என்று நினைத்து, வால்வை இடது தோளுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்துவிட்டார். நல்ல எண்ணம்தான். ஆனால் அதைத் திருப்ப உடம்பையே திருப்ப வேண்டும். எந்தப் பக்கம் எந்த டேங்க் என்ற குறியும் இல்லை. பெட்ரோல் அளவு காட்டும் கண்ணாடியும் முதுகுக்குப் பின்னால்.

அக்டோபர் 12, கலிஃபோர்னியாவின் மான்ட்ரே விமான நிலையம். கைப்பிடி எட்டவில்லை என்று டென்வரும் ஒரு டெக்னீஷியனும் அதில் பிளையரைப் பொருத்தி நீட்டிப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. பின்னால் இருக்கும் அளவைப் பார்க்க டெக்னீஷியன் ஒரு சிறு முகக்கண்ணாடி கொடுத்தார். ஒரு மணி நேரம்தான் பறக்கப்போகிறேன், பெட்ரோல் வேண்டாம் என்றார் டென்வர்.

மாலை 5.12-க்குக் கிளம்பினார். சுமார் 5.28-க்கு பசிபிக் குரோவ் கடலோரத்தில், சில நூறு அடி உயரத்தில் எஞ்சின் சத்தம் குறைந்தது. விமானம் தலைகுப்புறக் கடலில் விழுந்தது. அவருக்கு வயது 53.

அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1999-இல் காரணத்தை அறிவித்தது. இருக்கையில் உட்கார்ந்தபடி பின்னால் திரும்பிக் கைப்பிடியை எட்டிப் பிடிக்கும்போது, வலது கால் தன்னையறியாமல் 'ரடர்' பெடலை அழுத்திவிடுகிறது. அப்படி அழுத்தியதில்தான் விமானம் கட்டுப்பாட்டை இழந்தது. போதிய பெட்ரோல் போடாதது, புது விமானத்தில் போதிய பயிற்சி எடுக்காதது, வால்வு இருந்த இடம் ஆகியவையும் காரணங்களாகச் சொல்லப்பட்டன.

பெட்ரோல் போட்டிருந்தால் பிழைத்திருப்பாரே என்று சொல்லலாம். உண்மைதான். ஆனால் மனிதன் என்றைக்காவது ஒருநாள் மறப்பான், கணக்குத் தப்புவான். அன்றைக்கும் அவனைக் காப்பாற்றுவதுதானே நம்ம வேலை? தீ ஆபத்தைக் குறைக்க நகர்த்திய வால்வு இன்னொரு ஆபத்தைக் கொண்டுவந்தது. மாற்றிய பிறகு அந்த இருக்கையில் உட்கார்ந்து ஒரு தடவை கையை நீட்டிப் பார்த்திருந்தாலே அது தெரிந்திருக்கும்.

இன்று படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளே, டிராயிங்கில் ஒரு வால்வையோ சுவிட்சையோ போடும்போது, பக்கத்தில் அதை இயக்கப்போகிற ஆளையும் வரைந்து பாருங்கள். அவர் கை எட்டுகிறதா என்று பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.