எத்தனை முறை செய்த கை?

வடசென்னையின் வரைபடத்தைச் சற்று மனக்கண்முன் கொண்டுவாருங்கள். வடகோடியில் எண்ணூர். அங்கே மின்ரயில் ஏறினால் கத்திவாக்கம், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை ஆகியவற்றைக் கடந்து வண்ணாரப்பேட்டையில் இறங்கி, ஸ்டான்லி அரசு மருத்துவமனையை அடையலாம். வழியெங்கும் சிறிதும் பெரிதுமாகத் தனியார் மருத்துவமனைகள். எண்ணூரில் ஒரு மீனவருக்கோ ஆலைத் தொழிலாளிக்கோ குடலில் புற்றுநோய் என்று தெரிகிறது. அறுவைச் சிகிச்சை தேவை. வீட்டருகிலேயே செய்துகொள்வதா, பயணச் செலவையும் காத்திருப்பையும் பொறுத்துக்கொண்டு பெரிய மருத்துவமனைக்குப் போவதா? இக்கேள்விக்கு எண்களைக் கொண்டு விடை தேடிய வரலாறு சுவையானது.

1979-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் லஃப்ட், பங்க்கர், என்தோவன் ஆகிய மூவர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 1,498 மருத்துவமனைகளில் நடந்த 12 வகை அறுவைச் சிகிச்சைகளை அவர்கள் ஆராய்ந்தனர். இதய அறுவை போன்ற சிக்கலான சில சிகிச்சைகளை ஆண்டுக்கு 200-க்கும் மேல் செய்த மருத்துவமனைகளில் இறப்பு வீதம், குறைவாகச் செய்தவற்றைவிட 25 முதல் 41 விழுக்காடு வரை குறைவாக இருந்தது. ஆனால் பித்தப்பையை அகற்றும் சிகிச்சையில் இத்தகைய தொடர்பு காணப்படவில்லை. எல்லாச் சிகிச்சைக்கும் ஒரே விதி இல்லை என்பது அன்றே புலனாயிற்று.

பின்னர் இதே கேள்வி குடல் புற்றுநோய்க்கும் எழுந்தது. 2000-ஆம் ஆண்டில் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு, 65 வயதும் அதற்கு மேலும் ஆன 27,986 பெருங்குடல் புற்றுநோயாளிகளைக் கணக்கில் எடுத்தது. குறைவாக அறுவை செய்யும் மருத்துவமனைகளில் 30 நாள்களுக்குள் இறந்தவர்கள் 5.5 விழுக்காடு, மிகுதியாகச் செய்யும் மருத்துவமனைகளில் 3.5 விழுக்காடு. ஆயிரம் பேருக்கு இருபது உயிர் வேறுபாடு!

இந்த வேறுபாட்டை ஒவ்வோர் ஊரிலும் மக்கள் தாமாகவே கண்டுகொள்ள முடியாதா? முடியாது. காரணம் எளிய நிகழ்தகவுக் கணக்கு. ஒரு சிறிய மருத்துவமனையில் ஆண்டுக்குப் பத்துப் பேருக்கு இந்த அறுவை நடக்கிறது என்றும், ஒவ்வொருவரும் பிழைக்கும் வாய்ப்பு 0.95 என்றும் கொள்வோம். பத்துப் பேரும் பிழைக்கும் வாய்ப்பு 0.95-ஐப் பத்து முறை பெருக்கினால் வருவது. அதாவது ஏறத்தாழ 0.6. இத்தகைய மருத்துவமனைகள் பத்து இருந்தால், அவற்றுள் ஆறு, "இந்த ஆண்டு எங்களிடம் ஒருவரும் இறக்கவில்லை" என்று உண்மையாகவே சொல்லிக்கொள்ளலாம்! அது திறமைக்குச் சான்றாகாது. ஆயிரக்கணக்கானோரின் பதிவுகளை ஒன்று சேர்த்த பிறகே உண்மை வெளிப்பட்டதன் காரணம் இதுதான்.

இங்கே ஓர் ஐயம் எழலாம். அதிகம் செய்வதால் திறமை வளர்கிறதா? அல்லது திறமை உள்ள இடத்தை நாடி நோயாளிகள் போவதால் எண்ணிக்கை பெருகுகிறதா? இரண்டும் நடக்கக்கூடும். 2012-இல் ஐம்பதுக்கும் மேற்பட்ட ஆய்வுகளை, ஒன்பது இலட்சத்துக்கும் மேலான நோயாளிகளின் விவரங்களோடு தொகுத்துப் பார்த்தனர். ஐந்தாண்டு உயிர்வாழ்வு, எண்ணிக்கை மிகுந்த மருத்துவமனைகளிலும் அனுபவம் மிகுந்த மருத்துவர்களிடமும் சிறப்பாக இருந்தது. ஆனால் நோயின் கடுமை முதலியவற்றுக்கு ஈடுசெய்து கணக்கிட்டபோது, அறுவையை ஒட்டிய இறப்பு, மருத்துவமனையின் எண்ணிக்கையோடு தெளிவாகத் தொடர்புபடவில்லை; அறுவை மருத்துவரின் எண்ணிக்கையோடும் சிறப்புப் பயிற்சியோடும் தொடர்புபட்டது. கட்டடத்தின் பெருமையைவிடக் கையின் பழக்கமே பெரிது எனலாம்.

அந்தப் பழக்கத்தில் அடங்கியிருப்பது என்ன? மலக்குடலைச் சுற்றி ஒரு கொழுப்பு உறை உண்டு. புற்றணுக்கள் பரவும் நிணநீர்க் கணுக்கள் அதனுள் இருக்கின்றன. அந்த உறை கிழியாமல், அதன் எல்லையை ஒட்டிக் கண்ணால் பார்த்து நுட்பமாக வெட்டி முழுதாக எடுக்க வேண்டும் என்று 1982-இல் எழுதியவர் பில் ஹீல்ட். அவர் பணியாற்றியது இங்கிலாந்தில் பேசிங்ஸ்டோக் என்னும் நகரில். 1990-களில் சுவீடனின் ஸ்டாக்ஹோம் பகுதி மருத்துவர்களுக்கு இம்முறை செயல்விளக்கத்தோடு கற்பிக்கப்பட்டது. அறுவை செய்த இடத்திலேயே நோய் மீண்டும் வருவது 15 விழுக்காடு அளவிலிருந்து 6 விழுக்காடாகக் குறைந்தது. மலம் வெளியேற வயிற்றில் நிரந்தரத் துளை இடவேண்டிய தேவையும் குறைந்தது. வலை இழுக்கும் ஒருவருக்கு, மூட்டை சுமக்கும் ஒருவருக்கு அது பிழைப்பையே மாற்றும் செய்தி அன்றோ? அனுபவம் தரும் திறமையைக் கற்பித்தும் பரப்பலாம் என்பதை ஸ்டாக்ஹோம் மெய்ப்பித்தது.

நம் நாட்டுக்கு இதில் ஒரு தனிச் சிக்கல் உண்டு. மேல்நாடுகளை ஒப்பிடக் குடல் புற்றுநோய் இங்கே மிகக் குறைவு. இது நற்செய்தியே. ஆனால் இருக்கும் சில நோயாளிகளும் பல மருத்துவமனைகளில் சிதறினால், எந்த மருத்துவரின் கைக்கும் போதிய பழக்கம் கிட்டாது.

ஒருமுகப்படுத்தும் முயற்சி தமிழகத்தில் புதிதன்று. டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனை எழுந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் இரைப்பை, குடல் அறுவைச் சிகிச்சைக்கெனத் தனித்துறையைத் தோற்றுவித்து, அதற்கு எம்.சிஎச். படிப்பையும் தொடங்கியவர் பேராசிரியர் என். ரங்கபாஷ்யம். 2002-இல் பத்மபூஷண் விருது பெற்றவர். ஸ்டான்லியிலும் இத்துறை தனித்து இயங்குகிறது. ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்து, இன்றும் 'கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி' என்று மக்கள் அழைக்கும் இடம் அது. கட்டணம் கட்ட இயலாத எண்ணூர்த் தொழிலாளியும் சிறப்புப் பயிற்சி பெற்ற கையை நாடலாம் என்பதே இத்துறைகளின் சமூகப் பயன்.

ஆனால் ஓர் எச்சரிக்கை. குடல் முழுதும் அடைபட்டு வயிறு உப்பி வாந்தி எடுப்பவரை, பெரிய பெயரைத் தேடி ஊர் ஊராக அலைக்கழிக்கக் கூடாது. அங்கே நேரமே உயிர். அருகில் அறுவை வசதி உள்ள மருத்துவமனையே ஏற்றது. நாள் குறித்துச் செய்யும் அறுவைக்கே தேர்வு பொருந்தும்.

அப்படித் தேர்வு செய்யும் நிலை உங்கள் குடும்பத்தில் நேர்ந்தால் மூன்று கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்த அறுவையை நீங்கள் ஆண்டுக்கு எத்தனை பேருக்குச் செய்கிறீர்கள்? இதற்கெனத் தனிப் பயிற்சி பெற்றிருக்கிறீர்களா? அறுவைக்குப் பின் இரவு பகலாகக் கவனிக்க ஆள் உண்டா? நல்ல மருத்துவர் எவரும் இக்கேள்விகளுக்குச் சினம் கொள்ள மாட்டார்.