தாடையைத் தின்ற தீக்குச்சி

எங்கள் அம்மா சிவகாசித் தீப்பெட்டி ஆலையில் கட்டை அடுக்கியவர். விரல்நுனி தேய்ந்தது, இடுப்பு போனது. தாடை மட்டும் தப்பியது. அந்த ஆபத்து எங்கள் ஊருக்கு வரவே இல்லை.

லண்டனுக்கு வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தீக்குச்சி மருந்தில் வெள்ளைப் பாஸ்பரஸ் கலந்தார்கள். அதன் ஆவி சொத்தைப் பல் வழியே இறங்கித் தாடை எலும்பை அழுக வைத்தது. சீழ் நாற்றத்தில் வீட்டாரே பக்கத்தில் உட்கார முடியாது. அங்கே பிரையன்ட் அண்ட் மே தீப்பெட்டி ஆலையில் 1888இல் சுமார் 1,400 பெண்களும் சிறுமிகளும் வேலையை நிறுத்தினார்கள். அபராதப் பிடித்தம் ஒழிந்தது, சாப்பிடத் தனி இடம் கிடைத்தது. பாஸ்பரஸ் போகவில்லை. நோயாளிகளை மறைத்ததற்காக 1898இல் ஆலைக்கு அபராதம் போட்டார்கள், அதுவும் சொற்பம். இத்தனைக்கும் ஆபத்து குறைந்த சிவப்புப் பாஸ்பரஸ் ஸ்வீடன்காரர்கள் கையில் எப்போதோ இருந்தது. விலைதான் கூட!

1906இல் பெர்ன் நகரில் சில நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் செய்தன. இந்தியச் சட்டம் 1913இல் வந்தது. சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கிய அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய் அதைக் கற்றது 1922இல்தான். அதனால் எங்கள் ஊர்ப் பெட்டிகளின் பக்கவாட்டில் பூசியது சிவப்புப் பாஸ்பரஸ். ஆனால் அந்தச் சட்டம் பேசியது வெள்ளைப் பாஸ்பரஸைப் பற்றி மட்டும். மருந்து முக்கும் அறையில் தீப்பிடிப்பதைப் பற்றி அல்ல.