மஞ்சள் மாத்திரையும் நிணநீர்ப் புற்றுநோயும்



கம்போங் ராஜா வட்டாரத்துத் தோட்டங்களில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்கள் கிளினிக்குக்குப் போய்த் திரும்பும்போது ஒரு சிறு மஞ்சள் மாத்திரையும் கூடவே வருகிறது. இரத்தம் ஊறுவதற்கு என்று சொல்லித் தருகிறார்கள். அதன் பெயர் ஃபோலிக் அமிலம். அந்த மாத்திரைக்கும் நிணநீர்ப் புற்றுநோய்க்குத் தரப்படும் மருந்து ஒன்றுக்கும் உள்ள உறவைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

காலில் முள் தைத்துச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டுகிறதல்லவா? கழுத்திலும் அக்குளிலும் கூட அத்தகைய சிறு முடிச்சுகள் உண்டு. அவற்றில் காவல் இருக்கும் வெள்ளணுக்கள் கட்டுமீறிப் பெருகுவதே நிணநீர்ப் புற்றுநோய். சாதாரண நெறி, புண் ஆறியதும் வடிந்துவிடும். வலியே இல்லாமல் வீங்கி, இரண்டு மூன்று வாரமாகியும் வற்றாத கட்டிக்குச் சுண்ணாம்புப் பற்றுப் போட்டுக்கொண்டு வீட்டில் இருந்துவிடக் கூடாது. மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.

இனி வரலாற்றுக்கு வருவோம். 1928ஆம் ஆண்டு லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேயப் பெண் மருத்துவர் பம்பாய்க்கு வந்தார். அங்கே துணி ஆலைகளில் வேலை செய்த ஏழைப் பெண்கள் பலர், கருவுற்ற காலத்தில் இரத்தம் வற்றி இறந்துகொண்டிருந்தார்கள். அதன் காரணத்தைத் தேடுவதே அவருடைய வேலை. பம்பாயில் மட்டுமல்ல, தேயிலை மலைகள் சூழ்ந்த நீலகிரிக் குன்னூரின் பாஸ்டர் ஆய்வு நிலையத்திலும் அவர் ஆராய்ந்தார். விலை உயர்ந்த மருந்துகளை விட்டு மார்மைட்டைக் கொடுத்துப் பார்த்தார். ஆம், நம் கடைகளில் கறுப்பாய்ப் புட்டியில் விற்கிற அதே மார்மைட்தான். நோயாளிகள் தேறினார்கள். 1931இல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். ஆனால், மார்மைட்டில் இருந்த அந்தப் பொருள் எது என்பது அப்போது தெரியவில்லை.

பத்தாண்டு கழித்து, 1941இல், அமெரிக்காவின் டெக்சாஸில் சிலர் பசலை போன்ற ஒரு கீரையை நான்கு டன் எடுத்து, அதிலிருந்து அப்பொருளைச் சிறிதளவு பிரித்தார்கள். காய்கறி விளையும் மலையில் வாழும் நமக்கு நான்கு டன் கீரை என்றால் எவ்வளவு என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. இலத்தீன் மொழியில் இலைக்குரிய சொல்லிலிருந்தே ஃபோலிக் என்ற பெயர் வந்தது.

இங்கேதான் எல்லாப்பிரகட சுப்பாராவ் வருகிறார். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் நாங்கள் பாஸ்டர், ஃபிளெமிங் பெயர்களை மனப்பாடம் செய்தோம்; இவருடைய பெயர் ஒரு முறைகூட வரவில்லை. அந்தக் குறை எங்களுக்கு இன்னும் இருக்கிறது. 1895இல் அன்றைய சென்னை மாகாணத்தின் பீமாவரத்தில், தெலுங்குக் குடும்பத்தில் பிறந்தவர். அண்ணன் தம்பிகளில் இருவர் ‘ஸ்ப்ரூ’ என்னும் குடல் நோயால் அடுத்தடுத்து இறந்தார்கள். அவரையும் அந்த நோய் பிடித்து விட்டது. சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை அணிந்து வந்ததால் ஆங்கிலேயப் பேராசிரியரின் மனத்தாங்கலுக்கு ஆளானார். எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாகக் குறைந்த தகுதியுள்ள எல்.எம்.எஸ். சான்றிதழே கிடைத்தது.

1922இல் அமெரிக்காவின் பாஸ்டன் நகருக்குக் கப்பலேறினார். பகலில் ஹார்வர்டில் படிப்பு. இரவில் மருத்துவமனையில் நோயாளிகளின் கழிவுப் பாத்திரங்களைக் கழுவும் வேலை. இரத்தத்தில் உள்ள பாஸ்பரசை அளக்க 1925இல் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து இவர் கண்ட முறையை உலகமே பின்பற்றியது. அப்படியிருந்தும் ஹார்வர்டு இவருக்கு நிலையான பதவி தரவில்லை. ஆராய்ச்சி என்றால் அறிவு மட்டும் போதும் என்று நாம் பிள்ளைகளிடம் சொல்கிறோம். சம்பளமும் பதவியும் யார் கையில் இருக்கின்றன என்பதும் அதில் சேர்ந்ததுதான். 1940இல் லெடர்லி என்னும் மருந்துக் கம்பெனியின் ஆய்வுக்கூடத்துக்குப் போனார். அங்கே அவருடைய குழுவினர் 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாகச் செய்துவிட்டார்கள். சகோதரர்களைக் கொண்டுபோன ஸ்ப்ரூ நோய்க்கும் அதுவே மருந்தாயிற்று.

பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு இந்த ஃபோலிக் வகை மருந்தைக் கொடுத்தார். குணமாவதற்குப் பதில் நோய் விரைவதுபோல் தோன்றியது. வேறொருவராயின் அத்தோடு விட்டிருப்பார். ஃபார்பர் அதைத் திருப்பிப் போட்டு யோசித்தார்: புற்றணுக்களுக்கு இது உணவென்றால், இதைத் தடுத்தால் என்ன?

சுப்பாராவ் குழுவினர் ஃபோலிக் அமிலத்தைப் போலவே உருவமுள்ள பொய்ப் பொருள்களைச் செய்து கொடுத்தார்கள். பூட்டுக்குள் நுழைந்து, திரும்பாமல் சிக்கிக்கொள்ளும் தவறான சாவியைப் போன்றவை அவை. அவற்றுள் ஒன்றைக் கொடுத்ததில் 16 குழந்தைகளில் 10 பேருக்குச் சிலகாலம் நோய் தணிந்தது. அச்செய்தி 1948 ஜூனில் வெளியாயிற்று. அவ்வாண்டு ஆகஸ்டில் சுப்பாராவ் இறந்தார், வயது 53.

அந்த ஆய்வுக்கூடம் செய்த இன்னொரு பொய்ச் சாவிதான் மெத்தோட்ரெக்ஸேட். அது ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது. உகாண்டாவின் கம்பாலாவில் டெனிஸ் பர்கிட் என்னும் அறுவை மருத்துவர் 1957 முதல் தாடை வீங்கிய குழந்தைகளைக் கண்டுவந்தார். வெட்டி எடுத்தாலும் குணமாகாத நிணநீர்ப் புற்றுநோய் அது. எந்தெந்த ஊர்களில் இந்நோய் இருக்கிறது என்றறிய 1961இல் 250 பவுனுக்கு ஒரு பழைய ஃபோர்டு காரை வாங்கி, நண்பர் இருவருடன் பத்து வாரத்தில் சுமார் 16,000 கிலோமீட்டர் ஓடினார். மெத்தோட்ரெக்ஸேட் கொடுத்ததும் சில குழந்தைகளின் தாடைக் கட்டி வற்றியது. அந்த அறிக்கை 1963இல் வெளிவந்தது. இன்று நல்ல வசதியுள்ள மருத்துவமனைகளில் இந்நோய் கண்ட குழந்தைகளில் பத்தில் ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள். பல மருந்துகளைச் சேர்த்துத் தருகிறார்கள். அவற்றுள் மெத்தோட்ரெக்ஸேட்டும் ஒன்று.

அதைப் பெரிய அளவில் கொடுக்கும்போது நல்ல அணுக்களும் வாடிப்போகும். ஆகவே ஏறக்குறைய ஒரு நாள் கழித்து மீட்பு மருந்து ஒன்றையும் ஏற்றுகிறார்கள். லியூகோவோரின் என்னும் அம்மருந்து ஃபோலிக் அமிலத்தின் நெருங்கிய உறவு. மஞ்சள் மாத்திரையின் இனம்தான்.